தனிநாயகம் அடிகளாரின் ஆசிரியப் பணி

தனிநாயகம் அடிகளாரின் பெயரைக் கேட்டவுடன் உலகத் தமிழாராய்ச்சி மாநாடுகளே நம் நினைவுக்கு வருகின்றன. 1964 இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றக் காரணராயிருந்தவர், 1966 இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டைக் கூட்டியவர், தமிழின் தூதுவர் என்றெல்லாம் மேடைகளில் அவர் போற்றப்படுகிறார். போற்றுதல் தகும். ஆயினும் 1952 முதல் 1961 வரை அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் வகித்த பதவி தமிழ் விரிவுரையாளர் பதவி அன்று. கல்வியியல் விரிவுரையாளர் பதவி. இலண்டனிற் கலாநிதிப் பட்டத்துக்கு அவர் ஆராய்ந்த பொருளும் பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனையே. மேடைப் பேச்சுக்கள் இவ்வொன்பது ஆண்டுகளையும் ஒரு வரியிற் கடந்துவிடுகின்றன. அவற்றை நடுவாக வைத்து நோக்கின், அடிகளாரின் பணி முழுவதும் குடியேற்ற ஆட்சி தந்த கல்விமுறைக்கு அதன் உள்ளிருந்தே ஓர் ஆசிரியர் அளித்த விடையாகத் தோன்றுகிறது.

அடிகளார் 1913 ஆம் ஆண்டு ஆகத்து 2 ஆம் நாள் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனிற் பிறந்தார். தொடக்கக் கல்வி ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியில். பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில். அக்காலத்து இலங்கையிற் பாடசாலைகள் இருவகைப்பட்டன. தாய்மொழிப் பாடசாலைகள் கட்டணமின்றிக் கற்பித்தன. ஆங்கிலப் பாடசாலைகள் கட்டணம் பெற்றன. அரசாங்க உத்தியோகமும் உயர் தொழில்களும் பின்னவற்றின் வாயிலாகவே கிட்டின. தீவகத்திலோ நிலம் வறண்டது, நன்னீர் அரிது. ஆங்கிலம் கற்ற மகன் கொழும்புக்கோ மலாயாவுக்கோ சென்று அனுப்பும் பணமே பல குடும்பங்களை நிமிர்த்தியது. ஆகவே ஆங்கிலக் கல்வியை நாடிய பெற்றோரைப் பழிப்பதற்கில்லை. பழிக்கத்தக்கது வேறொன்று: அக்கல்விமுறை மாணவனின் சொந்த மொழியை அறிவுக்குரிய மொழியாகக் கருதவில்லை. தமிழ் வீட்டுக்கும் கோயிலுக்கும் உரியது, ஆங்கிலம் சிந்தனைக்கு உரியது என்னும் பிரிவினையை அது சொல்லாமலே கற்பித்தது.

இக்கல்வியின் சிறந்த மாணவருள் ஒருவராகவே அடிகளார் வளர்ந்தார். கொழும்புப் புனித பேர்ணாட் குருமடத்தில் மெய்யியல் பயின்று, 1934 இல் உரோமாபுரி சென்றார். 1938 இற் குருத்துவ அபிடேகம் பெற்றார். அங்கு அவர் எழுதிய ஆய்வேடு பண்டைய கார்த்தேசு நகரத் திருச்சபைக் குருமாரைப் பற்றியது. இலத்தீனும் இத்தாலியமும் முதலாகப் பல ஐரோப்பிய மொழிகள் அவருக்கு வசமாயின. தம் தாய்மொழியின் பேரிலக்கியங்களோ இன்னும் அவருக்குத் திறவாக் கதவுகளாகவே இருந்தன. கார்த்தேசின் வரலாற்றை நுணுகி ஆராய வல்ல ஓர் ஈழத்துத் தமிழர் புறநானூற்றைப் படிக்க இயலாதிருந்தார் என்பது தனிமனிதக் குறையன்று. ஒரு கல்விமுறையின் விளைவு.

1940 இல் அடிகளார் தூத்துக்குடி மறைமாவட்டத்திற் சேர்ந்து, திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் புனித தெரேசா உயர்நிலைப் பள்ளியிற் பணியேற்றார். ஈண்டு சற்று நிற்றல் வேண்டும். அவருடைய வரலாற்றில் உரோமையினும் இலண்டனினும் இச்சிற்றூரே முதன்மையானது என்பது என் கருத்து. அங்கே பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் அவர் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் பாடங்கேட்கத் தொடங்கினார். வகுப்பில் ஆசிரியர், வகுப்பு முடிந்தபின் மாணாக்கர். இருபத்தேழு வயதில், உரோமையில் உயர்பட்டம் பெற்ற ஒரு கத்தோலிக்கக் குரு, மேனாட்டுப் பட்டம் எதுவுமில்லாத பண்டிதர் ஒருவர் முன் மாணவராய் அமர்ந்தார். அக்காலச் சமூகத்தில் ஆங்கிலப் பட்டதாரிக்கும் தமிழ்ப் பண்டிதருக்கும் இடையே ஊதியத்திலும் மதிப்பிலும் இருந்த ஏற்றத்தாழ்வை அறிந்தோர்க்கு இச்செயலின் கனம் விளங்கும்.

பிற்காலத்தில், பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரெயிரி எழுதி 1970 இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூல், மாணவனை வெறும் பெட்டகமாகக் கருதி அதில் அறிவை இட்டுவைக்கும் முறையைக் கண்டித்தது. ஆசிரியர் மாணவராகவும் மாணவர் ஆசிரியராகவும் மாறும் உறவே விடுதலை தரும் கல்வி என்றது. விமரிசனக் கல்வியியல் என இன்று வழங்கும் துறைக்கு அந்நூல் ஓர் அடித்தளம். அடிகளாரைப் பிரெயிரியின் முன்னோடி என்று கூறுவது மிகை. இருவர் தொடங்கிய இடமும் நோக்கமும் வேறு. ஆயினும் ஆசிரியன் தன் கல்வியையே ஐயுற்று மீண்டும் கற்கத் தொடங்குதல் வேண்டும் என்ற செய்தியை வடக்கன்குளத்து ஐந்தாண்டுகள் சொற்களின்றியே கூறுகின்றன.

1945 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முறைப்படி தமிழ் பயின்றார். பழந்தமிழ்ச் செய்யுளில் இயற்கை பற்றி அங்கு மேற்கொண்ட ஆய்வு பின்னர் ஆங்கில நூலாக வெளிவந்தது. 1948 இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். அடுத்து வந்த உலகப் பயணங்களின் பயனாக எழுந்ததே ‘ஒன்றே உலகம்’.

1952 இற் கல்வியியல் விரிவுரையாளராக இலங்கைக்குத் திரும்பிய அடிகளார், அவ்வாண்டிலேயே ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில முத்திங்கள் ஏட்டையும் தொடங்கினார். இவ்விரு பணிகளும் தனித்தனியானவை அல்ல. பண்டைய இந்தியக் கல்வி பற்றி அதுவரை எழுந்த வரலாறுகள் பெரும்பாலும் வேத நூல்களையும் பௌத்த நூல்களையுமே சான்றாகக் கொண்டன. குருகுலமும் விகாரையும் அவற்றிற் பேசப்பட்டன. தமிழ்ச் சான்றுகள் பேசப்படவில்லை. இவ்விடைவெளியை அடிகளார் தம் ஆய்வுக்களமாகக் கொண்டார். சங்க இலக்கியம் பள்ளிக்கூடங்களைப் பற்றி மிகுதியாகக் கூறுவதில்லை. ஆகவே, பள்ளி எங்கே இருந்தது என்று வினவாமல், சமுதாயத்துக்குக் கற்பித்தோர் யாவர் என்று வினவினால் விடை விரிகின்றது. பாணரும் பொருநரும் விறலியரும் புலவரும், பின்னர்ச் சமண பௌத்தத் துறவியரும் கற்பித்தோராகத் தோன்றுகின்றனர். அரசனை இடித்துரைத்த புலவனும் ஊர் ஊராய்ச் சென்று கதையும் பண்ணும் பரப்பிய பாணனும் கல்வி வரலாற்றுக்குள் இடம்பெறுகின்றனர். ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பெயரால் வழங்கும் புறநானூற்று 183 ஆம் பாடல், கீழ்ப்பிறந்தோன் கற்றானாயின் மேற்பிறந்தோனும் அவனை வழிபடுவான் என்னும் கருத்தினது. இத்துறையிற் புகுவார் எவரும் இதனைத் தவிர்த்தல் இயலாது.

இங்கு ஒரு தடை எழுப்புதல் வேண்டும். பாணர் பண்டைச் சமுதாயத்தின் ஆசிரியர் எனின், பின்வந்த நூற்றாண்டுகளிற் கலையும் கைத்தொழிலும் காத்த ஒடுக்கப்பட்ட குலத்தார் கல்வியின் வாயிலுக்கு வெளியே நின்றது எவ்வாறு? அடிகளார் பத்திரிசியார் கல்லூரியிற் பயின்ற காலத்தின் இறுதியில், 1929, 1930 ஆம் ஆண்டுகளில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்குமாறு அரசாங்கம் பணித்தபோது யாழ்ப்பாணத்தில் எதிர்ப்பு மூண்டது. சில பாடசாலைக் கொட்டகைகள் எரிக்கப்பட்டன. பண்டைப் பெருமையை மட்டும் நோக்கும் கல்வி வரலாறு இக்கொட்டகைகளின் சாம்பலைக் காணாது போய்விடும்.

அடிகளார் தம் ஆய்வை இலண்டனில் நிகழ்த்திய காலத்திலேயே, 1956 இல், சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாகும் சட்டம் இலங்கையில் நிறைவேறியது. மொழியுரிமை பற்றி அவர் தம் ஏட்டில் எழுதினார், அதுவும் ஆங்கிலத்திலேயே. தமிழுக்காகப் பேசுவோர் ஆங்கிலத்திற் பேசுவதேன் என்று கேட்டல் எளிது. தமிழின் தொன்மையை அறியாதிருந்த உலக அறிஞரிடம் அதனைக் கொண்டு சேர்க்க வேறு வாயில் அன்று இல்லை. பள்ளியில் ஆங்கிலம் தமிழ்ப் பிள்ளையைத் தமிழிலிருந்து பெயர்த்தெடுத்தது. அடிகளாரோ அதே ஆங்கிலத்தைக் கொண்டு தமிழை உலகவையில் ஏற்றினார். எனினும் இழப்பு ஒன்றுண்டு. அவருடைய கல்வியியற் கட்டுரைகளுட் பெரும்பாலன ஆங்கிலத்தில் அமைந்தமையின், வெளிநாட்டு அறிஞரைச் சென்றடைந்த அளவுக்குத் தமிழிற் கற்பிக்கும் நம் பாடசாலை ஆசிரியரைச் சென்றடையவில்லை.

ஆங்கிலத்தை ஏற்பதா மறுப்பதா என்னும் இவ்வினா அவரோடு முடியவில்லை. 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, போர்க்காலத்து வகுப்பறையொன்றை உற்றுநோக்கினார். அமெரிக்கப் பாடநூல் ஒன்றின் ஓரங்களில் மாணவர் தமிழ்த் திரைப்படச் செய்திகளையும் போராட்டச் சின்னங்களையும் எழுதியும் வரைந்தும் வைத்திருந்தனர். பாடநூல் காட்டிய உலகுக்கு அம்மாணவர் ஓரத்திலிருந்து விடையிறுத்தனர் எனக் கொண்டு, 1999 இல் வெளிவந்த தம் நூலில், ஆங்கிலத்தை அப்படியே விழுங்காமலும் முற்றாகத் தள்ளாமலும் தம் தேவைக்கேற்ப வளைத்துக்கொள்ளுதலே விளிம்பிலுள்ளோர்க்குரிய வழி என அவர் வாதித்தார். கோட்பாட்டு மொழி புதிது. அடிகளார் நடந்து காட்டிய வழி பெரிதும் அதுவே.

1961 இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறைக்குத் தலைவராகச் சென்ற அடிகளார் 1969 வரை அங்கிருந்தார். தீவகத்தார் பலர் உத்தியோகம் தேடிச் சென்ற நாட்டுக்கு அவர் தமிழ் கற்பிக்கச் சென்றார். வத்திக்கான் நூலகத்திலிருந்த, 1679 இல் அச்சான புரோயன்சா அடிகளின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை 1966 இற் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்ததும் இக்காலத்திலேயே. கார்த்தேசை ஆராயப் பயன்பட்ட உரோமைப் பயிற்சி இறுதியில் தமிழ் அச்சு வரலாற்றுக்கு உதவியது.

1974 சனவரியில் நான்காவது மாநாடு யாழ்ப்பாணத்தில் நடைபெற்றது. அதன் இறுதி நாளான 10 ஆம் திகதி பொலிசாரின் நடவடிக்கையைத் தொடர்ந்து உயிர்கள் பலியாயின. ஆராய்ச்சியும் அரசியலும் தனித்து நிற்கும் என்ற நம்பிக்கை அன்று பலருக்குத் தகர்ந்தது. அதே ஆண்டில் யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டது. 1980 இல், தமிழாராய்ச்சி கடந்து வந்த பாதையையும் செல்லவேண்டிய திசையையும் பற்றித் தந்தை செல்வா நினைவுப் பேருரையை அடிகளார் யாழ்ப்பாணத்தில் நிகழ்த்தினார். அவ்வாண்டு செத்தெம்பர் 1 ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.