தோட்டத்தில் பிறந்த இரயில் இஞ்சின்

இல்லத் தோட்டத்தில் இருப்புப்பாதை இட்டுச் சிறு இஞ்சின் ஓட்டுதல் மேனாட்டுச் செல்வர் சிலரின் பொழுதுபோக்கு. அதனை வெறும் விளையாட்டென்று தள்ளுவோர், இங்கிலாந்தின் டார்பிஷயரில் டஃபீல்டு பாங்கு என்னும் மனையில் 1874ஆம் ஆண்டு தொடங்கிய பாதையின் வரலாற்றை ஒருமுறையேனும் அறிதல் வேண்டும்.

அதனை அமைத்தவர் சர் ஆர்தர் ஹேவுட் (1849-1916). கேம்பிரிட்ஜில் கற்ற இச்செல்வர், தம் மனையிலேயே பட்டறை வைத்து இஞ்சின்களையும் பெட்டிகளையும் செய்தார். முதலில் 9 அங்குல அகலப் பாதையில் முயன்றார், வண்டி நிலைகொள்ளவில்லை. பின்னர் 15 அங்குலமே போதிய அகலம் எனத் துணிந்தார். மலாயாத் தீபகற்பத்து மீட்டர் பாதையில் இது பாதிக்கும் குறைவு! பெருந்தோட்டங்களுக்கும் படைக்கும் இத்தகைய சிறு பாதை பயன்படும் என்பதே அவர் கொள்கை. உணவுப் பெட்டியும் உறங்கும் பெட்டியும்கூடச் செய்து காட்டினார். படைத்துறை அதனை ஏற்கவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் ஒருவரே தம் ஈட்டன் மாளிகைக்கு 1896இல் அத்தகைய பாதை அமைத்துக்கொண்டார்.

'பழுதுபார்த்தல்' என்னும் தமிழ்ச் சொல் நுட்பமானது. பழுதை முதலில் பார்க்க வேண்டும்; நீக்குவது பிறகு. ஹேவுட்டின் அமைப்பில் இக்கருத்து ஓரளவு இயல்பாகவே அமைந்திருந்தது. அவருடைய கொதிகலனில் தீப்பெட்டி வட்டக் குழலாகக் கலத்தினுள்ளேயே அடங்கும். சக்கரங்களுக்கிடையே தாழ்ந்து தொங்கும் பகுதி இல்லாமையால் அடிப்பகுதி திறந்து கிடக்கும். அவ்விடத்தில் அவர் தம் வளைவு அச்சை அமைத்தார். இயக்கம் பெறும் உள்ளச்சு நேராகச் சுழலும். சக்கரங்களோ அதன்மேல் கோத்த குழலில் நிற்கும். நடுவிலுள்ள உருண்டை மூட்டினால் குழல் வளைவுக்கேற்பத் திரும்பும். இதனால் 25 அடி ஆரமுள்ள வளைவிலும் இஞ்சின் ஓடிற்று. குன்றின் ஏற்றமோ 10 அடிக்கு 1 அடி!

'எஃபி' (1875), 'எலா' (1881), 'மியூரியல்' (1894) என மூன்று இஞ்சின்கள் டஃபீல்டுக்கென அப்பட்டறையில் பிறந்தன. இவற்றுள் எட்டுச் சக்கரங்கொண்ட மியூரியலின் கதையே நமக்கு வேண்டியது.

1916இல் ஹேவுட் மறைந்தார்; தோட்டத்துப் பாதையும் கலைந்தது. எலாவும் மியூரியலும் கம்பர்லாந்தின் ராவன்கிளாஸ் பாதைக்குப் போயின. அது 1875இல் 3 அடி அகலத்தில் தொடங்கி, நலிந்து மூடப்பட்டு, 1915 முதல் 15 அங்குலமாக மாற்றப்பட்டதாகும். ஏறத்தாழ 7 மைல் நீளம். பயணிகளுடன் கருங்கல்லும் ஏற்றவேண்டிய பாதை. குறுகிய தோட்டத்துக்கென அமைந்த வட்டத் தீப்பெட்டி, இத்துணைத் தொலைவுக்கு வேண்டிய நீராவியை இடைவிடாது தருவதற்கு ஏற்றதன்று. எனவே 1927இல் மியூரியலின் அடிச்சட்டத்தின்மேல், வழக்கமான வகையைச் சார்ந்த பெரிய கொதிகலனை ஏற்றினர். அதன் சுமையைத் தாங்கப் பின்னால் இரு சிறு சக்கரங்களும் சேர்ந்தன. பெயரும் 'ரிவர் இர்ட்' ஆயிற்று. 1970களில் ஓட்டுநர் அறையும் புகைபோக்கியும் உயர்ந்தன, தோற்றமும் வேறாயிற்று.

இனி, இது பழைய மியூரியல்தானா? ஹேவுட்டின் சிறப்பே அவர் கொதிகலனிலும் வளைவு அச்சிலும் இருந்தது. கொதிகலன் போனபின் எஞ்சியது சட்டம் மட்டும் எனக் குறைகூற இடமுண்டு. அக்குறை பொய்யன்று. ஆயினும் ஹேவுட்டே 9 அங்குலத்தைக் கைவிட்டு 15 அங்குலத்துக்கு மாறியவர். பயன்படாத ஒன்றைப் பேணுதல் அவர் இயல்பன்று. கொதிகலனை மாற்றியது தக்கதே என்பேன். பெயரை மாற்றியதுதான் எனக்கு உடன்பாடன்று. நீராவி வேண்டுமெனில் கொதிகலன் மாறலாம். பெயர் மாற என்ன தேவை?

எலாவின் நிலை வேறு. அதன் அடிச்சட்டத்தின்மேல் பெட்ரோல் எந்திரம் ஒன்றை ஏற்றிப் பார்த்தனர். அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. மியூரியலோ, 15 அங்குலப் பாதையில் இன்றும் ஓடும் நீராவி இஞ்சின்களுள் மிகப் பழமையானதாக எண்ணப்படுகிறது. டஃபீல்டுக் குன்றில் அப்பழைய தண்டவாளம் இல்லை.