வெயில் தீட்டிய விமானம்

பொன்னமராவதிக்குத் தென்கிழக்கே, செட்டிநாட்டில், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஒரு விமானத்தளம் இருந்ததை அறிவீர்களா? அக்காலப் பிரிட்டிஷ் விமானத்தின் சிற்றுருவை நீங்கள் செய்தால், பளபளக்கும் வண்ணம் பூசாதீர்கள். ஏன்? வெயிலின் புற ஊதாக் கதிர்கள் பூச்சின் பிணைப்புப் பொருளைச் சிதைக்கின்றன. நிறமி சுண்ணாம்புத் தூள்போல் உதிர்கிறது. எனவே இறக்கையின் மேற்புறம் வெளுக்கும். நிழலிலுள்ள அடிப்புறம் அவ்வளவு வெளுக்காது. மேற்புற வண்ணத்தில் மட்டும் சிறிது வெள்ளையைக் கலந்து பூசுங்கள்.

இறக்கையிலுள்ள வட்டச் சின்னத்தையும் கவனியுங்கள். பிரிட்டிஷ் சின்னத்தின் நடுவில் சிவப்புப் பொட்டு. ஜப்பானியச் சின்னமோ முழுச் சிவப்பு வட்டம். தொலைவிலிருந்து பார்ப்பவர் குழம்பினால், சொந்த விமானத்தையே சுட்டு வீழ்த்திவிடுவார்! ஆகவே 1943-ஆம் ஆண்டளவில் ஆசியப் போர்முனையில் அச்சிவப்பை வேறு வண்ணத்தால் மறைத்தனர். வெளுத்த இறக்கையின்மேல் அப்புதுப் பூச்சு தனித்துத் தெரிந்திருக்கும். உங்கள் சிற்றுருவிலும் அவ்வேறுபாடு தெரியட்டும்.