சுங்கம் தவிர்த்த சோழனும் சாம்பல்நிறக் கட்டைகளும்

சேலத்திலிருந்து தருமபுரி செல்வோர் தொப்பூர்க் கணவாயை அறிவர். இருமருங்கும் குன்றுகள் நெருங்கிவர, சாலை வளைந்து ஏறும். 1790ஆம் ஆண்டு, மூன்றாம் மைசூர்ப் போரில், ஆங்கிலேயப் படைகளுக்குப் பிடிகொடாமல் திப்பு சுல்தான் தெற்கே இறங்கியது இவ்வழியேதான். இன்று இதனூடே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. கணவாய்க்கு வடக்கே பாளையத்தில் சுங்கச்சாவடி நிற்கிறது.

எம் மாணாக்கர் ஒருவர் இக்கணவாயை லெகோ கட்டைகளால் சமைக்க முற்பட்டார். சாலையும் லாரிகளும் அமைந்துவிட்டன. பாறைக்கு வேண்டிய சாம்பல்நிறச் சரிவுக் கட்டைகள் மட்டும் குறைந்தன. கடையில் விற்கும் பெட்டியில் அவை நான்கோ ஐந்தோதான் இருக்கும். உதிரிக் கட்டைகளுக்கென்றே அயல்நாட்டு இணையச் சந்தைகள் உண்டெனக் கேட்டு, அவற்றுள் ஒன்றில் தேடினார். கட்டை கிடைத்தது, தொல்லையும் உடன் கிடைத்தது.

சந்தை ஒன்றெனினும் கடைகள் பல. வேண்டியவை ஐந்து கடைகளில் சிதறிக் கிடந்தன. குறைந்தது இவ்வளவுக்கேனும் வாங்குக என்றது ஒரு கடை. இந்தியாவுக்கு அனுப்புவதில்லை என்றது மற்றொன்று. ஒவ்வொரு பொதிக்கும் தனித்தனி அஞ்சற்கட்டணம். நிறத்திலும் ஒரு சிக்கல்: 2004ஆம் ஆண்டளவில் லெகோ நிறுவனம் தன் சாம்பல் நிறத்தைச் சற்றே நீலம் கலந்ததாக மாற்றியது, பழையதும் புதியதும் ஒரே பாறையில் ஒட்டா. கூட்டிப் பார்த்தபோது வழிச்செலவு கட்டைகளின் விலையை விஞ்சியது. பட்டியலை மூடிவைத்தார்.

இத்தகைய சந்தைகளுள் புகழ்பெற்றது ப்ரிக்லிங்க். டேன் ஜெசெக் என்னும் ஆர்வலர் 2000ஆம் ஆண்டு ப்ரிக்பே என்ற பெயரில் தொடங்கியது அது. அவர் 2010இல் மறைந்தபின், 2013இல் கொரியத் தொழிலதிபர் கிம் ஜுங்-ஜுவின் கைக்கும், 2019இல் லெகோ குழுமத்தின் கைக்கும் மாறியது. அதன் பெருமை அட்டவணையில் உள்ளது. ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எண்: எட்டுக் குமிழ் கொண்ட கட்டைக்கு 3001. மொழி அறியாதவரும் எண்ணைக் கொண்டு பொருளைக் கண்டறியலாம்.

இது நம் மண்ணுக்குப் புதிதன்று. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் காதக்கற்களை நினைவுகூர்க. நாவற்தாவளத்துக்கு எத்தனை காதம் என்பதை எழுத்தில் பொறித்ததோடு, எழுத்தறியாதவர்க்கெனக் குழிகளாலும் குறித்திருந்தனர். ஆக, வழியறிவதில் வணிகனுக்கு அன்றும் பெருங்குறை இல்லை. குறை, வழியைக் கடப்பதில்தான்.

கடத்தற்கு இறுக்கும் வரியை உல்கு என்றனர் முன்னோர். வள்ளுவர் அதனை அரசின் வருவாய்களுள் ஒன்றாக எண்ணுகிறார். பெரும்பாணாற்றுப்படை மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் செல்லும் உல்கு வழியையும், அதைக் காக்கும் வில்வீரரையும் காட்டுகிறது. காவலுக்குக் கூலி வேண்டும் என்பது நேர்மையே. ஆயினும் ஒரு சாவடிக்குப் பல சாவடியானால் சிறுபொதிக்காரன் நொடிந்து போவான். முதற் குலோத்துங்கனை 'சுங்கந்தவிர்த்த சோழன்' என்று நாடு ஏன் நினைவில் வைத்தது என்பது இங்கே விளங்கும். சென்னை மாகாணத்தில் உள்நாட்டு வழிச்சுங்கம் 1844இல்தான் சட்டத்தால் ஒழிந்தது.

நாட்டெல்லைச் சுங்கம் வேறு கதை. அயல்நாட்டுப் பொம்மைகள் மீதான இறக்குமதித் தீர்வை 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. 2021 சனவரி முதல் தரமுத்திரையும் கட்டாயமாயிற்று. அஞ்சலில் வரும் பரிசுப் பொருளுக்கு 5,000 ரூபாய் வரை இருந்த விலக்கு, ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் நீங்கலாக, 2019 டிசம்பரில் நீக்கப்பட்டது. நச்சுச் சாயம் பூசிய மலிவுப் பொம்மைகளைத் தடுக்கவும் உள்நாட்டுத் தொழிலைக் காக்கவும் செய்தவை இவை என்பதை மறுப்பதற்கில்லை. பதிவுபெற்ற கைவினைஞருக்குத் தரமுத்திரையிலிருந்து விலக்கும் தந்தனர். ஆனால் உதிரிக் கட்டைகளைத் தருவித்து ஒரு சிறு கடை வைக்க விரும்புவோனுக்கு, பெருநிறுவனத்துக்கு உரிய அதே வாயில்தான். கப்பல் நிறையச் சரக்கு கொணர்வோன் தாங்கும் சுமையைக் கைப்பிடிச் சரக்குக்காரன் தாங்குவதெங்ஙனம்?

பண்டைச் சிறுவணிகர் இதற்கொரு வழி கண்டனர். தனியே செல்லாது சாத்தாகச் சென்றனர். காவற்கூலியும் வழிச்செலவும் பகிர்ந்து கொண்டனர். கட்டை அடுக்கும் அன்பர்களும் அவ்வாறே கூடி ஒரே பட்டியலாக்கி, ஒரே கடையில், ஒரே பொதியாகத் தருவிக்கலாம். தீர்வை குறையாது, அஞ்சற்கூலியாவது பங்காகும். இதனை மாணாக்கரிடம் கூறினோம். உடன்சேர இன்னும் நால்வரைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் மேசைமேல் தொப்பூர்க் கணவாய்க்கு ஒருபுறம் மட்டுமே மலை இருக்கிறது. 2004க்கு முந்தைய சாம்பல்நிறக் கட்டைகள் அன்பர் எவர் வீட்டுப் பரணிலேனும் உறங்குமாயின், மறுபுறமும் எழும்.