தாய்லாந்தின் தெருமுனை உணவுக்கடை



மன்னர்களின் போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. மக்கள் அன்றாடம் உண்ட உணவைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. ஆயினும் ஒரு நாட்டின் கதை சில வேளைகளில் அதன் சிறிய உணவுக்கடைகளிலேதான் தெளிவாகத் தெரிகிறது. தாய்லாந்தின் தலைநகராகிய பாங்கொக்கில், தெருமுனையிலுள்ள அத்தகைய கடையொன்றினுள் இன்று நுழைவோமாக.

கீழே வியாபாரமும் மேலே குடியிருப்புமாக அமைந்த தொடர்வீடுகளுள் ஒன்று அக்கடை. உள்ளே நாலைந்து மேசைகள், வாயிலருகே அடுப்பு. ஒவ்வொரு மேசையிலும் நான்கு சிறு பாத்திரங்கள் உண்டு. ஒன்றில் மீனை நொதிக்கவைத்து வடித்த சாறு. மற்றவற்றில் சீனி, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய காடி. சமைப்பவர் இறக்கிவைத்ததும் உணவு முற்றுப்பெறுவதில்லை. உண்பவர் தம் நாவுக்கேற்ப உவர்ப்பும் இனிப்பும் உறைப்பும் புளிப்பும் கூட்டிக்கொண்ட பின்னரே அது முற்றுப்பெறுகிறது.

அடுப்பில் ஆயத்தமாவது 'பத் தாய்'. அரிசி நூடில்ஸைத் தாச்சியிலிட்டு, முட்டை, காய்ந்த இறால், சோயாக்கட்டி, புளி, பனங்கட்டி ஆகியவற்றோடு பிரட்டி, முளைப்பயறும் இடித்த கச்சானும் தூவி, ஒரு துண்டு தேசிக்காயுடன் பரிமாறுவர். நமது இடியப்பத்தைப் போலவே அந்த நூடில்ஸும் அரிசிமாவில் ஆனது. ஆனால் அதனைப் பிழிவதில்லை. கரைத்த மாவை மெல்லிய தகடாக அவித்து, நாடாக்களாக அறுக்கின்றனர். 'பத் தாய்' என்பதற்குத் தாய்லாந்து முறையில் வறுத்தது என்பது பொருள். இப்பெயருக்குள்ளேதான் நமது கதை அடங்கியிருக்கிறது.

நூடில்ஸும் அதனைத் தாச்சியில் வறுக்கும் முறையும் சீனர் கொண்டுவந்தவை. 1767இல் அயுத்தயா நகர் பர்மியப் படைகளிடம் வீழ்ந்தபின், தொன்புரியிலிருந்து ஆண்ட தக்சின் மன்னர் சீனத் தந்தைக்குப் பிறந்தவர். 1782இல் முதலாம் இராமா மன்னர் ஆற்றின் கீழ்க்கரையில் பாங்கொக்கைத் தலைநகராக்கியபோது, அரண்மனை எழவிருந்த நிலத்தில் வாழ்ந்த சீனர்கள் சம்பெங் பகுதிக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். அடுத்து வந்த தலைமுறைகளில், தென்சீனத்தின் தியோச்சூ மக்கள் கப்பல் கப்பலாக வந்து சேர்ந்தனர். தோளிலே காவடித்தண்டு சுமந்தும், கால்வாய்களிலே ஓடம் செலுத்தியும் உணவு விற்றவர்களுள் அவர்கள் பலர்.

இனி, இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1938இல் பிரதமரான பிபுன் சொங்கிராம், மறு ஆண்டு சீயம் என்ற பெயரைத் தாய்லாந்து என மாற்றினார். மக்கள் எப்படி உடுத்தவேண்டும், எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்றெல்லாம் கட்டளைகள் பிறந்தன. தொப்பி அணியுமாறு வற்புறுத்தினர். வெற்றிலை போடுவதைத் தடுத்தனர். அதே ஆண்டுகளில் சீனப் பாடசாலைகள் பல மூடப்பட்டன. தொழில்கள் சில தாய்லாந்துக் குடிகளுக்கே உரியவையென ஒதுக்கப்பட்டன.

1942இல், போர்க்காலத்தின் நடுவே, பாங்கொக்கைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அவ்வாண்டிலே பிபுன் நூடில்ஸுக்காகப் பிரசாரம் தொடங்கினார். அது சத்துள்ளது, அதற்கு வேண்டியன யாவும் உள்நாட்டிலேயே விளைகின்றன என்பது அவர் வாதம். அவர் கணக்கையும் கேளுங்கள். நாட்டிலே 1 கோடியே 80 இலட்சம் மக்கள். ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு 5 சதாங் விலையில் ஒரு கிண்ணம் உண்டால், நாள்தோறும் 9 இலட்சம் பாத் மக்கள் கைகளில் புழங்கும்! செய்முறைகளைப் பரப்பியும், தள்ளுவண்டி வியாபாரத்தை ஊக்கியும் அரசாங்கமே நூடில்ஸ் விற்பனைக்கு முன்னின்றது.

இங்கே ஒரு முரண்பாட்டைக் காண்கிறோம். சமைத்தவனை அந்நியன் என்றது சட்டம். அவன் சமையலைத் தனதென்றது தேசம். ஆனாலும், வெறும் பெயர் மாற்றத்தால் மட்டும் அவ்வுணவு தாய்லாந்தினதாகிவிடவில்லை. புளியும் பனங்கட்டியும் மீன்சாறும் அந்நாட்டு அடுக்களைக்குரிய சுவையை அதற்கு அளித்தன. அந்த மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த விருந்தாளியே அன்றோ?

பிபுன் 1957இல் இராணுவப் புரட்சியாற் பதவி இழந்தார். 1964இல் ஜப்பானிலே காலமானார். தொப்பிக் கட்டளை அவருக்கு முன்னரே மறைந்தொழிந்தது. நூடில்ஸ் கிண்ணமோ நிலைத்தது. பின்னாளில், 2002ஆம் ஆண்டளவில், வெளிநாடுகளில் தாய்லாந்து உணவகங்களைப் பெருக்கும் திட்டமொன்றை அந்நாட்டு அரசாங்கம் மேற்கொண்டது. தரமானவற்றுக்கு நற்சான்றும் வழங்கலாயிற்று. இன்று உலகின் பெருநகர்களில் எங்கோ ஒரு குறுந்தெருவில், தாய்லாந்துக் குடும்பமொன்று நடத்தும் சிறுகடைக்குப் பின்னாலும் இந்த நீண்ட வரலாறு நிற்கிறது.

தொப்பியைத் தலையில் ஏற்றக் கட்டளையால் முடிந்தது. அதனை அங்கே நிலைக்கவைக்க முடியவில்லை. உணவு நிலைத்தமைக்குக் காரணம், உண்டவர்கள் அதனை விரும்பியமையே. அத்தகைய கடையொன்றில் அமரும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமாயின், மேசைமேலுள்ள அந்த நான்கு பாத்திரங்களையும் சற்று நோக்குங்கள். எந்த அரசாங்கம் எதைச் சொன்னாலும், கடைசிச் சுவையைத் தீர்மானிக்கும் உரிமை அங்கே உண்பவரிடமே விடப்பட்டிருக்கிறது.