இமேஜ்ஜே: படத்தை அளக்கும் முறை பொதுச் சொத்தான வரலாறு

நுண்ணோக்கிப் படங்களைக் கணினியில் அளப்பது 1980களில் விலையுயர்ந்த தனிக் கருவிகளை நம்பியிருந்த வேலை. அமெரிக்காவின் பெதெஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய வெய்ன் ராஸ்பேண்ட், சாதாரண மக்கின்டாஷ் கணினியிலேயே அதைச் செய்யும் 'என்.ஐ.ஹெச். இமேஜ்' மென்பொருளை 1987இல் பாஸ்கல் மொழியில் எழுதத் தொடங்கினார். கூட்டாட்சி அரசு ஊழியர் பணி நிமித்தம் எழுதியதற்கு அமெரிக்காவில் பதிப்புரிமை கிடையாது. எனவே மூலநிரலோடு அது எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தது.

மக்கின்டாஷில் மட்டுமே ஓடியது அதன் குறை. 1997இல் ராஸ்பேண்ட் ஜாவாவுக்கு மாறினார். அப்படிப் பிறந்த இமேஜ்ஜே விண்டோஸ், லினக்ஸ் கணினிகளிலும் ஓடியது. தேவையான வசதியைப் பயனர்களே எழுதிச் சேர்க்கும் செருகுநிரல் ஏற்பாடும் அதில் இருந்தது.

முறைகள் கைமாற உதவியது அதன் மேக்ரோ பதிவி. ஒளிரும் செல் கருக்களை எண்ணும் ஆய்வாளர் முதலில் பின்னணி ஒளியைக் கழிக்கிறார். அடுத்து, எந்த அளவு ஒளிர்வுக்கு மேல் கரு எனக் கொள்வது என்று ஒரு வரம்பு வைக்கிறார். ஒட்டிக் கிடப்பவற்றைப் பிரித்து, மிகச் சிறிய புள்ளிகளை ஒதுக்கிவிட்டு எண்ணுகிறார். ஆய்வுக் கட்டுரையில் இத்தனையும் 'கருக்கள் எண்ணப்பட்டன' என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடும். பதிவியோ ஒவ்வொரு கட்டளையையும் அதற்குத் தந்த எண்களையும் வரிவரியாக எழுதி வைக்கிறது. மேக்ரோ எனப்படும் அந்தச் சிறு கோப்பு கையில் இருந்தால் வேறோர் ஆய்வகமும் அதே கணக்கை அப்படியே போட்டுப் பார்க்கலாம்.

செருகுநிரல்கள் பெருகியபோது பதிப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத தொல்லை வந்தது. அவற்றைத் தொகுத்து, தானே புதுப்பித்துக்கொள்ளும் ஒரே பொதியாக்கிய ஃபிஜி, 2012இல் 'நேச்சர் மெத்தட்ஸ்' இதழில் விரிவாக அறிமுகமானது. நுண்ணோக்கி நிறுவனங்கள் ஆளுக்கொரு கோப்பு வடிவம் வைத்திருந்ததும் தடையாக இருந்தது. 150க்கும் மேற்பட்ட வடிவங்களைப் படிக்கும் பயோ-ஃபார்மட்ஸ் நிரலகம் அதை நீக்கியது.

திறந்த பகிர்வு கருவிக்கும் பரவியது. ஒளித்தாள் நுண்ணோக்கியைச் சொந்தமாகக் கட்டத் தேவையான பாகங்களின் பட்டியலையும் பொருத்தும் முறையையும் ஓப்பன்ஸ்பிம் திட்டம் 2013இல் வெளியிட்டது. ஆனால் முறையும் கருவியும் திறந்திருந்தால் மட்டும் போதாது: மூலப்படம் இல்லாமல் மேக்ரோ மட்டும் இருந்தால், வைத்த வரம்பு சரியா என்று சோதிக்க முடியாது. ஐரோப்பிய உயிர்தகவலியல் நிறுவனம் 2019இல் தொடங்கிய பயோஇமேஜ் ஆவணகம், கட்டுரைகளுக்கு ஆதாரமான மூலப்படங்களைச் சேமித்து எவரும் பெற வழிசெய்கிறது.