வாசிக்க மறுக்கும் குறி

நாகர்கோவிலிலிருந்து ரயிலேறி வந்து திருவனந்தபுரத்துத் தம்பானூரில் இறங்குகிறவர், 1931இல் திறக்கப்பெற்ற நிலையக் கட்டடத்தைத் தாண்டி வெளியே வந்து, பேருந்து நிலையத்துக்கருகில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லில் சுருள் வடிவாக எழுப்பிய இந்தியக் காப்பி ஹவுஸின் சரிவில் ஏறி ஒரு காப்பி அருந்திவிட்டுப் பத்மநாப சுவாமி தரிசனத்துக்குப் போக எண்ணினால், கைமூட்டையை முதலில் ஸ்டேஷன் கிளோக் ரூமில் ஒப்படைத்து ஒரு ரசீது பெற்றுக்கொள்வார். அந்த ரசீதில் எண்ணும் தேதியும் இருக்கும், மூட்டை இராது. ரசீதைக் கண்டு இன்ன மூட்டையென்று அடையாளம் சொல்லலாமேயொழிய, மூட்டை தொலைந்துபோனால் அதனுள்ளிருந்த வேஷ்டியையும் புத்தகத்தையும் ரசீதைக் கொண்டு திரும்ப உண்டாக்கிவிட முடியாது. இந்தப் பேதத்தை ஒரு கணினி மொழி தன் எழுத்திலக்கணத்திலேயே பொறித்துவைத்த வரலாறு எனக்கு நெடுநாளாக உவப்பான விஷயம்.

அம்மொழியின் பெயர் லிஸ்ப். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி 1958இல் அதை வகுக்கத் தொடங்கி, 1960இல் அதன் தத்துவத்தைக் கட்டுரையாகப் பிரசுரித்தார். நிரலும் அது கையாளும் தரவும் ஒரே விதமான பிறையடைப்புப் பட்டியல்களாக அமைந்துவிட்டபடியால், ஓர் அரிய உடன்படிக்கை அங்கே இயல்பாகக் கூடிவந்தது: யந்திரம் ஒரு பட்டியலை அச்சிட்டுக் காட்ட, அந்த அச்சையே மறுபடி அதனிடம் வாசிக்கக் கொடுத்தால், அதே போன்ற பட்டியல் மீண்டும் உருவாகும். ரசீதிலிருந்தே மூட்டை பிறக்கும் அதிசயம் இது.

ஆயினும் எல்லா வஸ்துவுக்கும் இது பொருந்தவில்லை. திறந்திருக்கும் கோப்பு, திரையில் விரிந்த சாளரம், ஓடிக்கொண்டிருக்கும் செயல் ஆகியவை அந்தக் கணத்தில் அந்த யந்திரத்தின் நினைவகத்தில் மட்டுமே உயிரோடிருப்பவை. ஓடுகிற ஆற்றின் பெயரை ஓலையில் எழுதிவைத்து, நாளை அதை வாசித்து ஆற்றைப் பெருகச் செய்ய இயலுமா? லிஸ்ப்காரர்கள் இதற்குக் கண்ட வழி, '#<' என்று தொடங்கி '>' என்று முடியும் ஒரு சங்கேதம். அதனுள் வஸ்துவின் இனமும், அதன் பெயரோ நினைவக முகவரியோ இருக்கும். பார்க்கும் மனிதருக்கு இன்னதென்று விளங்கும். யந்திரமோ முதலிரண்டு குறிகளைக் கண்ட மாத்திரத்தில் வாசிப்பை நிறுத்திப் பிழையென்று அறிவிக்கும். இது குறைபாடன்று, வேண்டுமென்றே விதித்த காப்பு. சாளரத்தின் பெயரைச் சாளரமென்றே எண்ணி வாசித்துவிட்டால், இல்லாத ஒன்றை இருப்பதாகக் கொண்டு நிரல் மேலே செல்லும். தவறு எங்கே நேர்ந்ததென்று பிற்பாடு தேடுகிறவருக்கு அடிச்சுவடுகூட அகப்படாது.

எனினும் இதில் ஒரு சங்கடம் உண்டு. எழுதும்போது எவரும் தடுப்பதில்லை. வாசிக்கும்போதுதான் விஷயம் வெளிப்படும். மாலையில் பத்திரமாகச் சேமித்ததாக நம்பிய கோப்பில் இத்தகைய குறி ஒன்று கலந்திருந்தால், மறுநாட் காலையில் வாசிப்பு பாதியில் நின்றுவிடும். அதற்குள் மூல வஸ்து மறைந்து போயிருக்கும். லிஸ்பின் ஒரு வகையான காமன் லிஸ்புக்கு 1994இல் அமெரிக்கத் தர நிர்ணயம் ஏற்பட்டபோது, இதற்குப் பரிகாரமான ஒரு விதியும் அதில் இடம்பெற்றது. அதை இயக்கி வைத்தால், திரும்ப வாசிக்கத்தக்கதாக எழுத முடியாத வஸ்துவை அச்சிட முற்பட்ட அக்கணமே யந்திரம் மறுத்துவிடும். வஸ்து உயிரோடிருக்கும்போதே கிடைக்கும் எச்சரிக்கை என்பதால் இதையே நான் உயர்ந்ததாக மதிக்கிறேன்.

மீட்க முடியாததை மீட்க முடியாததென்றே குறித்துவைக்கும் இந்த அக்கறை திருவனந்தபுரத்துக்குப் புதியதன்று. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தொல்பொருள் துறையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடத்திய டி. ஏ. கோபிநாத ராவ், 'திருவாங்கூர் ஆர்க்கியலாஜிகல் சீரீஸ்' என்னும் வரிசையைத் தொடங்கி, வட்டெழுத்திலும் தமிழிலும் பொறித்த சாசனங்களைப் பதிப்பித்தார். அழிந்த எழுத்தின் இடத்தில் புள்ளியோ உடுக்குறியோ இடுவதும், ஐயத்துக்குரியதை அடைப்புக்குள் நிறுத்துவதும் சாசனப் பதிப்பாசிரியர்களின் மரபு. கல் சொன்னது எது, பதிப்பாசிரியர் ஊகித்தது எது என்று வாசகர் மயங்கலாகாது. தம்பானூரிலிருந்து நடந்தே போகக்கூடிய கோட்டைப் பகுதியில், 2022 டிசம்பரில் திறக்கப்பெற்ற ஓலைச்சுவடி அருங்காட்சியகத்தில், இன்று சிலரே அறிந்த எழுத்துக்களில் அமைந்த ஓலைகளைக் காணலாம். அவற்றின் கதி வேறு. தெரிந்தவர் வந்தால் அந்த ஓலைகள் பேசும். புள்ளியிட்ட இடமோ யார் வந்தாலும் பேசாது.

எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் லிஸ்ப் யந்திரங்களோடு பழகி, 1985இல் குனு ஈமாக்ஸ் என்ற எழுத்துத்தொகுப்பு நிரலை வெளியிட்ட ரிச்சர்ட் ஸ்டால்மன், இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் தொடக்க விழாவுக்காக 2001 ஜூலையில் இந்நகருக்கு வந்தார். ஈமாக்ஸின் பெரும்பகுதி லிஸ்பின் ஒரு கிளைமொழியில் எழுதப்பட்டது. அதனோடு வேலை செய்கிறவர்களுக்கு '#<' பழகிய முகம். 2023 ஜூலையில் வெளிவந்த அதன் 29ஆம் பதிப்பில் ஒரு புது வசதி சேர்ந்தது: வாசிக்க முடியாத வஸ்து எதிர்ப்படும்போது செய்ய வேண்டியதைப் பயனரே ஒரு செயற்கூறாக எழுதிவைக்கலாம். அது பிழையென்று அறிவித்து நிறுத்தலாம். வேறொரு சொல்லை அந்த இடத்தில் இடலாம். ஒன்றுமே அச்சிடாமல் விட்டுவிடவும் அதற்கு அனுமதி உண்டு. முதலிரண்டையும் மனமார வரவேற்கிறேன். மூன்றாவதற்கு என் மனம் ஒப்பவில்லை. ஒரு புள்ளிகூட இடாமல், அழிந்த எழுத்தின் இரு பக்கத்தையும் சேர்த்து ஒட்டிவிட்ட சாசனப் பதிப்பைப் போன்றது அது.