மான் கேட்கும் கேள்வி

மனிதனுக்கு நோய் ஏன் வருகிறது? முன்வினை என்றார்கள் சிலர். தெய்வக் குற்றம் என்றார்கள் வேறு சிலர். நான் படித்த பதில்களிலே என்னை மிகவும் கூச வைத்தது செரோக்கி மக்களின் பதில்தான். வட அமெரிக்காவின் தென்கிழக்கில், அப்பலாச்சிய மலைகளில் வாழ்ந்தவர்கள் அவர்கள்.

1887ஆம் ஆண்டு ஜேம்ஸ் மூனி என்ற ஆராய்ச்சியாளர் வட கரோலினா மலைப் பகுதிக்குப் போனார். அங்கே அயூனினி என்ற வைத்தியரைச் சந்தித்தார். வைத்தியருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அவரிடம் 240 பக்கத்தில் ஒரு கையெழுத்துப் புத்தகம் இருந்தது. செக்வோயா என்ற செரோக்கியர் 1821இல் ஆக்கித் தந்த எழுத்திலே, மந்திரங்களும் மருந்து முறைகளும் அதில் எழுதப்பட்டிருந்தன. அந்த மந்திரங்களிலிருந்து எடுத்து மூனி 1891இல் ஒரு நூல் வெளியிட்டார். 1900இல் வெளியிட்ட இன்னொரு நூலில் அந்த மக்களின் கதைகளையும் தொகுத்தார். அந்தக் கதைகளில் ஒன்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஆதியில் மனிதரும் விலங்குகளும் ஒரே பேச்சுப் பேசி ஒற்றுமையாக வாழ்ந்தார்கள். பிறகு மனிதக் கூட்டம் பெருகிற்று. வில் வந்தது, கத்தி வந்தது, தூண்டில் வந்தது. பொறுக்க மாட்டாமல் விலங்குகள் இனம் இனமாகச் சபை கூட்டின. குவோஹி என்ற மலையின் கீழே முதலில் கூடியவை கரடிகள். நாமும் வில் செய்வோம் என்று துணிந்தன. நகம் நாணில் சிக்கிக் கொண்டது. நகத்தை வெட்டினால் மரம் ஏற முடியாது, பட்டினிதான். வந்த வழியே கலைந்து போயின.

மான்கள் அப்படிக் கலையவில்லை. ஒரு தீர்மானம் செய்து மனிதருக்குச் சொல்லியும் அனுப்பின: ‘பசிக்காக எங்களைக் கொல், கொன்றால் மன்னிப்புக் கேள்.’ மான்களின் தலைவனுக்குச் சின்ன மான் என்று பெயர். எந்த மான் விழுந்தாலும் காற்றாய் ஓடி வந்து ரத்தக் கறையின் மேல் குனிந்து, ‘வேடன் உன்னிடம் மன்னிப்புக் கேட்டானா?’ என்று விசாரிக்கும். இல்லை என்று பதில் வந்தால், சிந்திய துளிகளைத் தொடர்ந்து வேடன் வீட்டுக்கே போய், அவனை வாத நோயால் முடக்கிப் போடும்.

மற்றப் பிராணிகளும் ஆளுக்கொரு நோயைப் படைத்தன. மனிதனுக்காகப் பரிந்து பேசியது ஓர் அணில் வகை மட்டுமே. அதன் முதுகை மற்றவை கீறிவிட்டன. கோடுகள் அப்படி வந்தவையாம். நம் அணிலின் கோடுகள் ராமன் தடவிக் கொடுத்ததால் வந்தவை. அங்கே கோடு, நியாயம் பேசியதற்குக் கிடைத்த தண்டனை! கடைசியில் செடி கொடிகள் இரங்கி, ஒவ்வொரு நோய்க்கும் ஒரு மருந்து தருவதாக ஒப்புக் கொண்டன.

இந்தக் கதையைப் படிக்கிற எவருக்கும் புத்தர் நினைவுக்கு வருவார். கருவுற்ற பெண் மானுக்குப் பதிலாகத் தன் கழுத்தை நீட்டிய மானரசன் கதை ஜாதகத்தில் இருக்கிறது. அவர் முதல் உபதேசம் செய்த இடமும் மான்கள் திரிந்த சாரநாத் வனம்தான். ‘செய்த செயல் செய்தவனைத் தேடி வரும்’ என்பதும் இரு வழிக்கும் பொதுவே.

இதைக் கொண்டு இரண்டும் ஒன்றே என்று முடித்து விடுவது சுலபம். ஆனால் அப்படிச் செய்தால் இரண்டுக்குமே அநியாயம் செய்தவர்களாவோம்.

பௌத்தத்தின் முதல் சீலம் கொல்லாமை. மணிமேகலையில் சாதுவன் நாகர் தலைவனுக்கு அறம் சொல்லும்போதும், ஊன் உண்டு பழகியவர்கள் என்று இரங்கி, மூப்பினால் தானே இறந்த விலங்கை மட்டும் விலக்காக விடுகிறான். மலைக்காட்டு வேடனுக்கு அந்தச் சலுகை போதாது. அவன் கொன்றுதான் உண்ண வேண்டும். ஆகவே செரோக்கியர் கொலையை விலக்கவில்லை, கடனாக்கினார்கள். மன்னிப்பு என்பது அந்தக் கடனுக்குக் கட்டும் வட்டி.

நீரைப் பற்றியும் அப்படியே. செரோக்கியருக்கு ஆறு என்பது ஒரு நெடிய மனிதன். தலை மலையில், கால் சமவெளியில். விடியலில் ஆற்றில் இறங்குவது அவர்களுக்குப் பெரிய சடங்கு. புத்தரோ, நதியில் முழுகினால் பாவம் போகும் என்பதை ஏற்கவில்லை. கழுவ வேண்டியது மனம் என்றார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. புத்தர் பிறவிச் சுழலிலிருந்து வெளியேற வழி தேடினார். செரோக்கியர் வெளியேற விரும்பியவர்கள் அல்லர். இந்த மலையிலே, இந்த ஆற்றங்கரையிலே, எல்லா உயிரோடும் சமன் குலையாமல் இருக்க விரும்பியவர்கள். பௌத்தம் பிறந்த மண்ணில் ஒடுங்கிய பிறகும் இலங்கையிலும் பர்மாவிலும் ஜப்பானிலும் தழைத்தது. ஆனால் ஒரு மலையின் பெயரோடு பின்னிய நம்பிக்கையை மூட்டை கட்டி எடுத்துப் போக முடியுமா?

அந்தச் சோதனை 1838இல் வந்தது. அமெரிக்கப் படை செரோக்கியரைத் திரட்டி மேற்கே விரட்டியது. சுமார் 16,000 பேர் போனார்கள். அவர்களில் சுமார் 4,000 பேர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். சிலர் மலையிலேயே ஒளிந்து தங்கினார்கள். போனவர்கள் ஓக்லஹோமாவில் மறுபடி நெருப்பு மூட்டினார்கள். அங்கிருந்த ஆற்றில் இறங்கினார்கள். நம்பிக்கை சாகவில்லை. ஆனால் கரடிகள் கூடிய மலை அவர்களுக்குப் பின்னால் நின்றுவிட்டது. அதற்குக் கிளிங்மன் என்ற அரசியல்வாதியின் பெயரையும் சூட்டிவிட்டார்கள்.

2024 செப்டம்பரில் அந்தச் சிகரத்துக்குக் குவோஹி என்ற பழைய பெயரை அமெரிக்க அரசு திருப்பிக் கொடுத்தது. பெயர் வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் ரத்தக் கறையின் மேல் குனிந்து சின்ன மான் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறதே, அதை 1838ஆம் ஆண்டின் பாதையில் நின்று கேட்டால் என்ன பதில் வரும்?